பழைய காரின் ஹெட்லைட் ஏன் மங்குகிறது? பல்ப் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தருமபுரியிலிருந்து சேலத்துக்கு இரவில் கார் ஓட்டிப் போனவர்களுக்குத் தொப்பூர் கணவாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தேசிய நெடுஞ்சாலை 44 அங்கே வளைந்து வளைந்து கீழே இறங்குகிறது. பாரம் ஏற்றிய லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். சிலவற்றின் பின்விளக்கு எரியாது. முன்னால் என்ன நிற்கிறது என்பதை நம் ஹெட்லைட் காட்டினால்தான் உண்டு. ஒரு மழை இரவில் அந்த இறக்கத்தில், 1999-ஆம் ஆண்டு வாங்கிய எங்கள் காரை ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, சாலையோர வெள்ளைக் கோடு கண்ணுக்குப் பிடிபடவில்லை என்று சொல்லி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். நாற்பது ஆண்டுகளாக வண்டி ஓட்டுபவர் அவர். அன்று உள்ளே இருந்த நாங்கள் எல்லோரும் நடுங்கித்தான் போனோம்.

பாலக்கோட்டுக்குத் திரும்பியதும் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். நூறு வாட் பல்ப் போடு என்றார் ஒருவர். எல்.இ.டி. மாட்டினால் பகல் மாதிரி இருக்கும் என்றார் இன்னொருவர். பற்பசை தேய்த்தால் போதும் என்றார் மூன்றாமவர். இவற்றில் எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் நோய் என்ன என்று பார்க்காமல் மருந்து சொல்வதாக இருந்தது. ஹெட்லைட் மங்குவதற்குப் பெரும்பாலும் பல்ப் காரணமாக இருப்பதில்லை. பேட்டரியில் தொடங்கிச் சாலையில் விழும் வரை வெளிச்சம் பல இடங்களைக் கடந்து வருகிறது. ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பு. எங்கே அதிகம் இழக்கிறோம் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். தடை தெரிந்து கால் பிரேக்கை அழுத்துவதற்கு ஒன்றரை வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குள் 25 மீட்டர் போயிருக்கும். காய்ந்த சாலையில், நல்ல பிரேக்கில், நிற்பதற்கு இன்னும் 20 மீட்டர். மொத்தம் 45 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் இதுவே 70 மீட்டரை நெருங்கிவிடுகிறது. மங்கிய விளக்கு 30 மீட்டர் வரைதான் காட்டுகிறது என்றால், மீதித் தூரத்தை நாம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறோம்.

முதலில் இரண்டு அளவுகள்

ஒரு பல்ப் எல்லாத் திசையிலும் சேர்த்து வெளியிடும் மொத்த ஒளியை அளக்கும் அலகு லூமென். அந்த ஒளியில் எவ்வளவு ஓர் இடத்தின் மேல் வந்து விழுகிறது என்பதை அளக்கும் அலகு லக்ஸ். தோட்டத்துக் குழாயின் முனையை விரலால் அழுத்தினால் அதே தண்ணீர் தொலைவில் இருக்கும் செடிக்குப் போய்ச் சேர்கிறது. விரலை எடுத்தால் காலடியில் கொட்டுகிறது. குழாயில் வரும் மொத்தத் தண்ணீர் லூமென் என்றால், செடியின் மேல் விழுவது லக்ஸ்.

கடைகளில் அட்டைப்பெட்டி மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது லூமென். நமக்கு வேண்டியதோ ஐம்பது மீட்டருக்கு அப்பால் இருக்கும் குழியின் மேல் விழும் லக்ஸ். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஏமாற்றம் வருகிறது.

சொட்டுநீர்க் குழாயின் கடைசிச் சொட்டுவான்

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தக்காளித் தோட்டமோ மாந்தோப்போ வைத்திருப்பவர்களுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் தெரியும். மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கும் சொட்டுவான் நன்றாகச் சொட்டும். குழாய் நீளமாகவும் மெலிதாகவும் இருந்தால் வரிசையின் கடைசியில் இருப்பது ஏங்கி ஏங்கிச் சொட்டும். நம் பக்கத்துத் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் உள்ளே உப்புப் படிந்துவிட்டால் இன்னும் மோசம். மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. வழியில் அழுத்தம் குறைந்துபோகிறது, அவ்வளவுதான்.

காரின் மின்சாரமும் இப்படித்தான். தண்ணீரைத் தள்ளும் அழுத்தம் போல மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தத்துக்கு வோல்டேஜ் என்று பெயர். அதன் அலகு வோல்ட். ஓடும் தண்ணீரின் அளவு போல, ஓடும் மின்சாரத்தின் அளவு ஆம்பியர். குழாயின் குறுகலும் உப்பும் செய்கிற வேலையை ஒயரில் செய்வது மின்தடை. அதன் அலகு ஓம். ஆம்பியரை ஓமால் பெருக்கினால் வழியில் தொலையும் வோல்ட் எவ்வளவு என்று வந்துவிடும். இந்த இழப்பை வோல்டேஜ் இறக்கம் என்கிறார்கள்.

பழைய கார்கள் பலவற்றில் ஹெட்லைட் மின்சாரம் போகும் வழியைக் கேட்டால் வியப்பாக இருக்கும். பேட்டரியில் புறப்பட்டு, ஃபியூஸ் பெட்டி வழியாக ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் சுவிட்சுக்கு வந்து, டிம்-பிரைட் மாற்றும் கைப்பிடியைத் தாண்டி, மீண்டும் முன்பக்கம் போய் பல்பை அடைகிறது. பல்பிலிருந்து வண்டியின் இரும்பு உடம்பு வழியாகப் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்புகிறது. இந்தத் திரும்பும் வழிக்குத்தான் எர்த் என்று பெயர். எத்தனை இணைப்புகள் பாருங்கள். ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து ஆண்டுத் துருவும் பச்சைக் களிம்பும் படிந்திருக்கின்றன. சுவிட்சுக்குள் இருக்கும் செம்பு முனைகள் தேய்ந்து கருகியிருக்கின்றன.

பழைய கார்களில் பரவலாக இருப்பது எச்-4 வகை பல்ப். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள்: பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம்மில் இரண்டு பல்பும் சேர்ந்து ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். வழியில் மொத்தம் கால் ஓம் தடை இருந்தாலே ஒன்பதைக் காலால் பெருக்க, இரண்டு வோல்டுக்கு மேல் காணாமல் போய்விடுகிறது. கால் ஓம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய துருப்படலம்.

இரண்டு வோல்ட் போனால் என்ன?

இன்ஜின் ஓடும்போது கிடைக்கும் பதினான்கு வோல்டில் இரண்டுதானே என்று நானும் நினைத்தேன். இங்கேதான் பலருக்கும் தெரியாத விஷயம் ஒளிந்திருக்கிறது.

கிராமத்தில் மாலை நேரத்தில் லோ வோல்டேஜ் வந்தபோது பழைய குண்டு பல்ப் எப்படி எரிந்தது என்று நினைத்துப் பாருங்கள். வோல்டேஜ் கொஞ்சம்தான் குறைந்திருக்கும்; பல்போ செக்கச் செவேலென்று இழை மட்டும் தெரிய நிற்கும். கொல்லர் பட்டறையில் இரும்பைக் காய்ச்சும்போதும் இதையே பார்க்கலாம். கொஞ்சம் காய்ந்த இரும்பு கருஞ்சிவப்பாக இருக்கும். கையை அருகே கொண்டு போனால் சுடும், ஆனால் அந்த ஒளியில் எதையும் படிக்க முடியாது. இன்னும் காய்ந்தால் ஆரஞ்சு, பிறகு வெண்மஞ்சள். சூடு ஏற ஏற, வெப்பமாக வீணாகும் பங்கு குறைந்து ஒளியாகும் பங்கு வேகமாக உயர்கிறது.

எச்-4 போன்ற ஹாலஜன் பல்பின் டங்ஸ்டன் இழை 2,700 டிகிரி செல்சியசுக்கும் மேல் காய்ந்து எரிகிறது. அந்தச் சூட்டில் சிறிது குறைந்தாலும் ஒளி படபடவென்று விழுகிறது. பொறியாளர்கள் பயன்படுத்தும் தோராய விதி இது: வோல்டேஜ் எந்த விகிதத்தில் குறைகிறதோ, அந்த விகிதத்தின் 3.4 அடுக்கில் ஒளி குறையும். அடுக்குக் கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு விடையை மட்டும் தருகிறேன். 5 சதவீத வோல்டேஜ் போனால் 16 சதவீத ஒளி போகும். 10 சதவீதம் போனால் 30 சதவீத ஒளி. 15 சதவீதம் போனால் நூற்றுக்கு 42 பங்கு ஒளி போய்விடுகிறது.

எங்கள் காரில் அளந்தபோது பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்தது. பல்பின் முனையில் 11.7 வோல்ட். வழியில் தொலைந்தது 2.1 வோல்ட். அதாவது முழு வோல்டேஜும் கிடைத்திருந்தால் வரக்கூடிய ஒளியில் 57 சதவீதம்தான் வந்துகொண்டிருந்தது. பல்ப் புதியது, நல்லது. அதன் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: நீளமான, பழைய மின்வழியில் வோல்டேஜ் குறைகிறது, வோல்டேஜ் சிறிது குறைந்தாலே ஒளி நிறையக் குறைகிறது. பல்பை மாற்றுவதால் இந்த இழப்பு தீராது.

அளப்பது எப்படி?

வோல்டேஜை அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இருபது வோல்ட் டி.சி. நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓட வேண்டும், ஹெட்லைட் எரிய வேண்டும். முதலில் பேட்டரி முனைகளில் அளவு பாருங்கள். பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் ஆல்டர்னேட்டரையோ பெல்ட்டையோ முதலில் கவனியுங்கள். ஆல்டர்னேட்டர் என்பது இன்ஜின் சுழற்சியில் மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்குத் தரும் கருவி. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வெளிச்சம் பளிச்சென்று கூடுகிறது என்றாலும் சந்தேகம் இங்கேதான்.

அடுத்து பல்பின் பின்னால் ஒயர்களைச் செருகும் கப்ளரில் அளக்க வேண்டும். இதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கப்ளரைக் கழற்றிவிட்டு அளந்தால் மீட்டர் முழு வோல்டேஜையும் காட்டும்; எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்கள். எனக்கு அப்படித்தான் முதல் முறை நடந்தது. சொட்டுநீர்க் குழாயின் கடைசி முனையை அடைத்துவிட்டு அழுத்தமானியை வைத்தால், உள்ளே எவ்வளவு உப்பு இருந்தாலும் முழு அழுத்தம்தான் காட்டும். தண்ணீர் ஓடினால்தான் அடைப்பு தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதே போல பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போது, கப்ளர் மாட்டியபடியே, அதன் பின்பக்கத்திலிருந்து மீட்டர் ஊசியைச் செருகி அளக்க வேண்டும்.

இழப்பு எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமா? மீட்டரின் ஒரு ஊசியைப் பேட்டரி பாசிட்டிவ் முனையிலும், மற்றதைப் பல்பின் பாசிட்டிவ் முனையிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது போகிற வழியின் இழப்பு. பிறகு பேட்டரி நெகட்டிவிலும் பல்பின் எர்த் முனையிலும் வையுங்கள். அது திரும்பும் வழியின் இழப்பு. எந்தப் பக்கமாவது அரை வோல்டுக்கு மேல் காட்டினால் அங்கே வேலை இருக்கிறது. எங்கள் வண்டியில் எர்த் பக்கம் மட்டும் 0.6 வோல்ட் போய்க்கொண்டிருந்தது. துருப்பிடித்த ஒரே ஒரு திருகு! கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி முடுக்கியதில் பாதி இரவின் இருட்டு விலகியது போல இருந்தது.

ரிலே: போர்வெல் ஸ்டார்ட்டர் செய்கிற அதே வேலை

மீதி 1.5 வோல்ட் போகிற வழியில் இருந்தது. காவேரிப்பட்டணத்தில் வண்டி மின்வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன்.

“தம்பி, உங்கள் தோட்டத்து மோட்டாரை எப்படிப் போடுகிறீர்கள்?” என்று கேட்டார்.

“ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அழுத்துவோம், அண்ணா.”

“அந்தப் பொத்தான் வழியாகவா மோட்டாருக்குக் கரண்டு போகிறது?”

இதைவிட எளிதாக யாரும் ரிலேயை எனக்கு விளக்கியதில்லை. போர்வெல் மோட்டார் இழுக்கும் பெரிய மின்சாரம் அந்தச் சின்னப் பொத்தான் வழியாகப் போவதில்லை. பொத்தானில் போகும் சிறிதளவு மின்சாரம் பெட்டிக்குள் இருக்கும் காந்தச் சுருளை இயக்குகிறது. சுருள் தடித்த முனைகளை இழுத்துச் சேர்க்கிறது. பெரிய மின்சாரம் அவற்றின் வழியாக நேரே மோட்டாருக்குப் போகிறது. ரிலே என்பது காருக்கு ஏற்ற அளவில் செய்யப்பட்ட, தீப்பெட்டியைவிடச் சிறிய அதே ஏற்பாடு. சின்ன மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் கருவி.

ரிலே மாட்டினால் ஸ்டீயரிங் பக்கத்துச் சுவிட்ச் வழியாகச் சுருளை இயக்கும் மின்சாரம் மட்டும்தான் போகும். அது ஓர் ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். பல்புக்கான ஒன்பது ஆம்பியர், பேட்டரியிலிருந்து புதிய தடித்த ஒயரில் குறுக்கு வழியாகப் போய்விடும். பழைய ஒயர்களை வெட்ட வேண்டாம், சுவிட்சை மாற்ற வேண்டாம். கருகிய சுவிட்சுக்கும் ஆயுள் கூடுகிறது. பழைய காருக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு வேலை வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ரிலேயின் கால்களில் எண்கள் பொறித்திருக்கும். 30 என்பது பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் தடித்த ஒயருக்கு. 87 பல்புக்குப் போகும் ஒயருக்கு. 85, 86 இரண்டும் சுருளுக்கு. ஒன்றில் பழைய ஹெட்லைட் ஒயர், மற்றதில் எர்த். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே வேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும், ஒவ்வொரு ரிலேக்கும் 15 ஆம்பியர் ஃபியூசும் போதுமானவை. சில கார்களில் சுவிட்ச் பாசிட்டிவ் பக்கத்துக்குப் பதில் எர்த் பக்கத்தில் வேலை செய்யும். எனவே இணைக்கும் முன் எலக்ட்ரீஷியன் அதைச் சோதித்துவிட வேண்டும். ஒயர், ரிலே, கப்ளர் எல்லாம் சேர்த்துத் தயாராகவும் கிடைக்கிறது.

ஃபியூஸ் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அது பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூசுக்கும் நடுவே ஒயர் தோல் உரிந்து இரும்பில் பட்டால் தடுக்க எதுவும் இல்லை, வண்டி தீப்பற்றும். ஃபியூஸ் இல்லாமல் இழுத்துக் கட்டிய இணைப்புகளை நான் பார்த்திருக்கிறேன். வெளிச்சம் அருமையாகத்தான் இருந்தது. அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்ற மனம் வரவில்லை.

வேலை முடிந்ததும் பல்ப் முனையில் 13.4 வோல்ட். கணக்குப்படி முன்பு இருந்ததைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் ஒளி, அதே பல்பில். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: வோல்டேஜ் கூடினால் பல்பின் ஆயுள் குறையும். முன்பு குறைந்த சூட்டில் பல ஆண்டுகள் எரிந்த பல்ப் இனி அடிக்கடி மாற்ற வேண்டியதாகலாம். அந்தச் செலவை நான் மனதார ஏற்றுக்கொள்கிறேன்.

நூறு வாட் பல்ப் ஏன் தீர்வாகாது?

மேலே சொன்னது புரிந்திருந்தால் இது தானாக விளங்கும். அடைத்த குழாயில் இன்னும் அதிகத் தண்ணீர் இழுத்தால் அழுத்தம் இன்னும் குறையும். 90, 100 வாட் பல்ப் அதிக ஆம்பியர் இழுக்கும். அதே பழைய ஒயரில் வோல்டேஜ் இறக்கம் அதே விகிதத்தில் கூடும். செலவழித்த வாட்டில் கணிசமான பகுதி ஒயரையும் சுவிட்சையும் காய்ச்சுவதற்குப் போகிறது. கப்ளர் உருகும், பல்பின் பின்னால் இருக்கும் ரிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சு உரியும். சட்டப்படியும் அது அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியது.

நீலம் பூசிய “வெள்ளை ஒளி” ஹாலஜன் பல்புகளும் வேண்டாம். நீலப் பூச்சு ஒளியின் ஒரு பங்கை வடிகட்டி எடுத்துவிடுகிறது. கண்ணுக்கு நவீனமாகத் தெரியும். சாலையில் ஒளி குறையும்.

மஞ்சள் படிந்த கூடும் மங்கிய ரிஃப்ளெக்டரும்

பல்பிலிருந்து வெளிவந்த ஒளி இனி இரண்டு இடங்களைத் தாண்ட வேண்டும். பல்பின் பின்னால் இருக்கும் வளைந்த பளபளப்பான கிண்ணம் ரிஃப்ளெக்டர். அது ஒளியைத் திரட்டி முன்னால் அனுப்புகிறது. முன்மூடி லென்ஸ்.

மிகப் பழைய கார்களில் லென்ஸ் கண்ணாடி. அது மஞ்சளாகாது, கழுவினால் போதும். 1990-களுக்குப் பிறகு பரவலான பாலிகார்பனேட் பிளாஸ்டிக் லென்சின் மேல் ஒரு பாதுகாப்புப் பூச்சு உண்டு. ஆண்டு முழுக்க நம் ஊர் வெயிலில் நிற்கும் வண்டியில் சூரியனின் புற ஊதாக் கதிர் அந்தப் பூச்சை அரித்துவிடுகிறது. பிறகு பிளாஸ்டிக்கே மஞ்சளாகி, மேற்பரப்பு சொரசொரப்பாகிறது. ஒளி அதில் பட்டுச் சிதறுகிறது. பனிமூட்டமான கண்ணாடி வழியே வெளியே பார்ப்பது போல.

தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளில் முதலில் 1000, பிறகு 2000 எண் கொண்டதைப் பயன்படுத்தி, கடைசியில் பாலிஷ் போட்டால் லென்ஸ் தெளிந்துவிடும். பற்பசையும் மெல்லிய தேய்பொருள்தான், அதனால் கொஞ்சம் பளபளக்கும். ஆனால் தேய்த்தபின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சோ படலமோ இடாவிட்டால் சில மாதங்களில் மஞ்சள் திரும்பிவிடும். பற்பசை வைத்தியம் நிலைக்காததன் காரணம் இதுதான்.

ரிஃப்ளெக்டரை மட்டும் துடைக்கப் போகாதீர்கள். அதன் மேல் இருப்பது நூலிழையைவிட மிக மெல்லிய அலுமினியப் படலம். துணி பட்டாலே கையோடு வந்துவிடும். அது கருத்தோ உரிந்தோ போயிருந்தால், கடைகளில் டூம் என்று கேட்கும் முழுக் கூட்டையும் மாற்றுவதுதான் வழி. வேறு எந்த வேலையும் அதை ஈடு செய்யாது.

சுருக்கமாக: ரிலே பல்புக்கு முழு அழுத்தத்தைத் தருகிறது, நல்ல ரிஃப்ளெக்டரும் தெளிந்த லென்சும் பல்ப் தந்த ஒளியைச் சாலைக்குக் கொண்டு சேர்க்கின்றன.

எல்.இ.டி. மாட்டலாமா?

டிஷ் ஆன்டெனா வைத்திருக்கும் வீடுகளில் ஒரு அனுபவம் இருக்கும். கிண்ணத்தின் முன்னால் கம்பியில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கருவி கொஞ்சம் நகர்ந்தால் படம் போய்விடும். வளைந்த கிண்ணத்துக்குக் குவியம் என்று ஓர் இடம் உண்டு. எல்லாம் அங்கே வந்து குவியும். ஹெட்லைட் ரிஃப்ளெக்டர் இதன் தலைகீழ். குவியத்தில் வைத்த ஒளியை அது நேராக, தொலைவுக்கு அனுப்பும்.

எச்-4 பல்புக்குள் பிரைட் இழை குவியத்தில் இருக்கிறது. டிம் இழை அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதன் அடியில் ஒரு சிறு உலோகக் கவசம். கவசம் கீழ்ப்பக்கம் போகும் ஒளியை மறைப்பதால் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் ஒளி படுகிறது. அங்கிருந்து எதிரொளித்துத் தாழ்வாகச் சாலைக்கு இறங்குகிறது. டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கத்தரித்த கோடு போலத் தெரிவது இதனால்தான். சில மில்லிமீட்டர் அளவிலேயே இந்த வித்தை முழுவதும் நடக்கிறது.

இந்த ரிஃப்ளெக்டர் அந்த இழைக்காகவே கணக்கிட்டு வளைக்கப்பட்டது. எல்.இ.டி. பல்பில் இழை கிடையாது; இரண்டு பக்கமும் தட்டையாக ஒட்டிய ஒளிர்சில்லுகள் இருக்கின்றன. அளவும் இடமும் பொருந்தாவிட்டால் ஒளி கண்டபடி சிதறும். எதிரே வருபவரின் கண்ணில் ஒரு பங்கு, மரக்கிளையில் ஒரு பங்கு, வண்டிக்கு முன்னால் பத்து மீட்டரில் பெரும்பங்கு. கண்ணெதிரே தரை வெளுத்துக் கிடப்பதால் வெளிச்சம் பிரமாதம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பளிச்சில் கண்ணின் பாவை சுருங்கிவிடுவதால் தொலைவில் இருக்கும் இருண்ட பொருள் முன்பைவிடக் குறைவாகத் தெரியும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை இரவில் ஓட்டினால், எதிரே வரும் இத்தகைய விளக்குகளால் கண் கூசாமல் போவது அரிது. அந்தக் கூச்சத்தை இன்னொருவருக்குத் தர எனக்கு விருப்பமில்லை. எல்.இ.டி.க்காகவே வடிவமைத்த முழு ஹெட்லைட் கூடு வேறு விஷயம். ஹாலஜன் கூட்டுக்குள் செருகும் பல்பைப் பற்றித்தான் சொல்கிறேன்.

சுவரைப் பார்த்து நிறுத்துங்கள்

எல்லா வேலையும் முடிந்தபின் ஒளி எங்கே விழுகிறது என்று பார்ப்பது கடைசிப் படி. பழைய கார்களில் பின்பக்க ஸ்பிரிங் தளர்ந்து பின்புறம் தாழ்ந்திருக்கும். அதனால் மூக்கு நிமிர்ந்து ஒளி மரத்தின் மேல் போகும். முன்பு யாரோ திருகைத் திருகிவிட்டிருந்தால் காலடியிலும் விழலாம்.

சமதளத்தில், சுவரிலிருந்து 5 மீட்டர் தொலைவில் காரை நிறுத்துங்கள். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். தரையிலிருந்து ஹெட்லைட்டின் நடுப்புள்ளி வரை உள்ள உயரத்தை அளந்து, அதே உயரத்தில் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு. அதற்கு 5 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கீழ்க்கோட்டில் வந்து நிற்க வேண்டும். நம் நாட்டுக் கார்களில் இடது பக்கம் மட்டும் சற்று மேலேறி, சாலையோரத்தைக் காட்டும். கூட்டின் பின்னால் இருக்கும் திருகுகளைத் திருகி இதைச் சரிசெய்யலாம்.

ஐந்து மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் என்பது நூற்றில் ஒரு பங்கு சரிவு. 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் விளக்கின் ஒளி அந்தச் சரிவில் 65 மீட்டருக்கு அப்பால் தரையைத் தொடும். நாலு சென்டிமீட்டர் கூடுதலாகத் தாழ்ந்துவிட்டால், 36 மீட்டரிலேயே முடிந்துவிடும். முதலில் போட்ட பிரேக் கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்.

எதிரில் வருபவருக்கும் கணக்கு உண்டு. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவருக்குக் கூசாதபடி ஒளி கீழ்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும் என்கிறது. ரிலே போட்டு ஒளியைக் கூட்டியவர்களுக்கு இந்தப் பொறுப்பு இன்னும் அதிகம்.

டிம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அதன் எல்லை விளக்கின் உயரம்தான். தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் காட்டுப் பாதையில் யானை குறுக்கே நின்றால், டிம்மில் அதன் கால்களின் கீழ்ப்பகுதி மட்டும்தான் ஒளியில் வரும். கருஞ்சாம்பல் தோல் அந்த ஒளியிலும் பெரும்பகுதியை விழுங்கிவிடும். எதிரே வண்டி இல்லாதபோது அங்கே பிரைட்டில் போவதும், வேகத்தை 40-க்குள் வைப்பதும்தான் முறை.

மாம்பழப் பருவத்தில் பின்னால் நாலைந்து கூடை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிறவர்கள், ஏற்றியபின் ஒருமுறை சுவரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பின்புறம் தாழ்ந்து விளிம்பு மேல்கோட்டைத் தாண்டியிருக்கும். டேஷ்போர்டில் ஒளி உயரத்தை மாற்றும் சக்கரம் இருந்தால் ஒரு படி இறக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு கூடையை முன் இருக்கைக்கு மாற்றினாலும் விளிம்பு கொஞ்சம் கீழே வரும்.